அம்மா லேப்டாப், புது லேப்டாப், நாலு போன்... ஒரே வீட்டில் இவை பேசிக்கொள்ளுமா?

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் ரோட்டில் பட்டினப்பாக்கம் பக்கமாக நடந்தால் ஒரு புறம் கடல், படகு, வலை. மறுபுறம் நொச்சிக்குப்பம். ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் அடுக்குமாடிகள். அதில் ஏதோ ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். அக்கா ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் இன்னும் பீரோ மேல் இருக்கிறது. மூடியில் ஜெயலலிதா படம். தம்பி கல்லூரியில் சேர்ந்ததும் தவணையில் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப் மேஜை மேல். ஆளுக்கொரு போன் வேறு.

இப்போது தம்பி ஒரு விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு அக்காவின் சாதிச் சான்றிதழ் நகல் வேண்டும். அதன் ஸ்கேன் எங்கே இருக்கிறது? பீரோ மேல் இருக்கும் லேப்டாப்பில்.

"வாட்ஸ்அப்ல அனுப்பிடுக்கா" என்பான் தம்பி. அங்கேதான் சிக்கல். அந்த லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதைக் கவனிப்பதை 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கூகுளின் க்ரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. பழைய பிரவுசரில் பாதி வலைத்தளங்கள் திறக்காது; திறப்பவற்றையும் நம்பிப் பாஸ்வேர்டு போட முடியாது. இன்டர்நெட் அந்தக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால், இன்டர்நெட் ஒதுக்கியதாலேயே பக்கத்து மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரோடும் அது பேசாது என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் ஒரு நெட்வொர்க் போட்டால் பேசும். அதற்கு டேட்டா பேக் தேவையில்லை. பிராட்பேண்ட்கூட தேவையில்லை.

அரசே போட்டுக் கொடுத்த இரட்டை சிஸ்டம்

வெவ்வேறு வகைக் கம்ப்யூட்டர்களை இணைப்பதெல்லாம் பெரிய ஆபீஸ் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது 2011-லேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் முதலில் ஒரு கேள்வி வரும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? ஒரே பெட்டிக்குள் இரண்டு சிஸ்டம். 'பாஸ்' என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது.

பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டாவது வரியை மறந்தே போனார்கள். சர்வீஸ் கடையில் ஒருமுறை ஃபார்மெட் செய்ததில் பல வீடுகளில் பாஸ் காணாமலும் போயிருக்கும். அது ஒரு நஷ்டம்தான். விண்டோஸ் வைரஸால் முடங்கினாலும், அதன் பாஸ்வேர்டு மறந்துபோனாலும், லினக்ஸ் பக்கமாக உள்ளே நுழைந்து விண்டோஸ் டிரைவில் இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் எடுத்துவிடலாம். பீரோ மேல் கிடக்கும் லேப்டாப்பை 'செத்துப்போச்சு' என்று எடைக்குப் போடும் முன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது.

பேசத் தெரியாத காலமும் உண்டு

விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக் மூன்றும் ஒரு காலத்தில் மூன்று ஊர்க்காரர்களைப் போலத்தான் இருந்தன. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நெட்வொர்க் வழியாக ஃபைலைப் பகிர ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபெய்கென்பாம் 1980-களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். அதன் பெயர் 'சர்வர் மெசேஜ் பிளாக்', சுருக்கமாக எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்து விண்டோஸின் மொழியாகவே ஆக்கிக்கொண்டது.

மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 கடைசியில், தன் பெர்சனல் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைத் திறக்க வேண்டும் என்பதற்காக அவர் ஒரு புரோகிராம் எழுதினார். வயரில் போய்வரும் தகவலை உற்றுக் கவனித்து, பேச்சைக் கேட்டே மொழி கற்கும் குழந்தையைப் போல அந்த முறையைப் புரிந்துகொண்டார். முதலில் வைத்திருந்த பெயர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்த பெயர் 'சாம்பா'. இன்றும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் விண்டோஸோடு பேசுவது அந்த இலவச மென்பொருளால்தான். ஆப்பிளும் 2013-ல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து எஸ்எம்பியின் புதிய வடிவத்தையே முதல் விருப்பமாக வைத்தது. ஆகவே மூன்று ஊர்க்காரர்களுக்கும் இப்போது பொது மொழி ஒன்று இருக்கிறது. அதைப் பேசவைக்க வேண்டியதுதான் பாக்கி.

டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு ஹாட்ஸ்பாட்

நெட்வொர்க் என்றதும் ரூட்டர் வாங்க ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டை மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டு லேப்டாப்பையும் அதில் இணையுங்கள். 'இன்டர்நெட் இல்லை' என்று இரண்டும் புலம்பும். புலம்பட்டும். இரண்டுக்கும் நடுவில் பாதை போட்டாகிவிட்டது. இதில் ஃபைல் போவதற்கு உங்கள் பேக்கிலிருந்து ஒரு எம்பிகூட செலவாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதே ஃபைல் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து அதே அறைக்குத் திரும்பி வருகிறது. போகும்போது ஒரு செலவு, வரும்போது ஒரு செலவு. சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரமும் குறைந்துவிடும்.

டேட்டாவை அணைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் இல்லாத விண்டோஸ் 7-ஐ இன்டர்நெட்டில் விடாமலேயே வேலை முடிகிறது.

அடுத்தது, எது கொடுப்பது, எது வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். பழைய லேப்டாப்பில் ஃபோல்டரைப் பகிர்ந்து புதியதிலிருந்து எடுப்பதைவிட, புதிய லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்து பழையதிலிருந்து அதற்குள் போடுவதே நல்லது. கதவைத் திறந்துவைக்கும் வேலையைப் பாதுகாப்பு உள்ள கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இந்த இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ரயில் நிலைய வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விண்டோஸ் முகம் காட்டாது. அதே இடத்தில் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்யுங்கள். பிறகு 'வீடு' என்று ஒரு புது ஃபோல்டர். அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங், அதில் 'ஷேர்' பொத்தான்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். பழைய லேப்டாப்பிலிருந்து புதியதைத் திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். தம்பி தினமும் லேப்டாப் திறக்கப் போடும் நாலு இலக்க 'பின்' எண்ணைப் போடுவான். ஏற்காது. மறுபடி போடுவான். மறுபடியும் ஏற்காது. காரணம் எளிது: பின் எண் அந்த லேப்டாப்பின் கீபோர்டுக்கு மட்டுமே, நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதனால் அந்த லேப்டாப்பில் இதற்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் 'அதர் யூசர்ஸ்', பிறகு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்க்கும் வழி. 'வீடு' ஃபோல்டரை அந்த யூசருக்கு மட்டும், படிக்கவும் எழுதவும் அனுமதித்துப் பகிருங்கள். நாளைக்குத் தம்பி தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் வீட்டு ஃபோல்டர் வேலை செய்யும்.

இனி புதிய லேப்டாப்பின் முகவரி வேண்டும். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் 'ஐபிவி4' என்ற வரிக்கு எதிரே 192.168.43.25 என்பதுபோல ஓர் எண் இருக்கும். பழைய லேப்டாப்பில் ஃபோல்டர் ஜன்னலின் மேலே முகவரிப் பட்டையில் \\192.168.43.25 என்று அடித்து என்டர் தட்டினால் 'வீடு' தெரியும். லினக்ஸ், மேக் என்றால் எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, பின்னால் :// போட்டு, அதன்பின் எண். மேக்கில் 'கனெக்ட் டு சர்வர்' என்ற இடத்தில் அடிக்க வேண்டும். ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் 'ஃபைல்ஸ்' ஆப்பிலேயே இதே வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் விஎல்சி ஆப் இருந்தால், அந்த ஃபோல்டரில் உள்ள படத்தையும் வீடியோவையும் காப்பி செய்யாமலேயே போனில் பார்க்கலாம்.

இவ்வளவு வேண்டாம், ஒரே ஒரு ஃபைல்தான் என்றால் 'லோக்கல்சென்ட்' என்ற இலவச ஆப் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் உண்டு. அதற்கும் இன்டர்நெட் தேவையில்லை. ஆனால், எப்போதும் திறந்தால் கிடைக்கும் ஃபோல்டருக்கு அது ஈடாகாது.

பழைய யோசனைகள் ஜாக்கிரதை

கூகுளில் தேடினால் இரண்டு அறிவுரைகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, 'ஹோம்குரூப் உருவாக்குங்கள்'. அது விண்டோஸ் 7 காலத்து வசதி. 2018-ல் விண்டோஸ் 10-லிருந்தே எடுத்துவிட்டார்கள். தேடித் தேடிக் கண் வலிப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று ஆபத்தானது: 'எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள்.' 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கலாம். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதைக் கைவிட்டது. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2 தெரியும். அதனால் அம்மா லேப்டாப்புக்காக அந்த ஓட்டையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. 2011-ல் வந்த பழைய பாஸ் லினக்ஸ் வழியாக இணைக்கும்போது தகராறு செய்தால், லுபுண்டு போன்ற எடை குறைந்த புதிய லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்யலாம். பாஸின் புதிய பதிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

லினக்ஸ் பக்கம் ஃபோல்டரைப் பகிர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். லினக்ஸில் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத் தனியாகப் பதிய வேண்டும். தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

தமிழுக்கென்றே ஒரு தொல்லையும் இருக்கிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த கடிதம் நெட்வொர்க்கில் பத்திரமாகத்தான் வந்து சேரும். ஆனால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம். பழைய லேப்டாப்பிலேயே அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் முடிந்தது.

வைஃபை பொது, ஃபோல்டர் பொது அல்ல

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் ஹாட்ஸ்பாட் வேண்டாம். ரூட்டர் மூலமே எல்லாம் பேசும். ஆனால், குப்பத்து வீடுகளில் ஒரு பிராட்பேண்ட் ஒரு வீட்டுக்கு மட்டும் என்று இருப்பதில்லை. மேல் வீட்டு அண்ணி மகன் ஆன்லைன் பரீட்சைக்கு பாஸ்வேர்டு வாங்கியிருப்பான். எதிர் வீட்டில் பாதிக் காசு கொடுத்துப் பயன்படுத்துவார்கள். லாரித் தண்ணீரையே பங்கு போட்டுப் பிடிக்கும் இடத்தில் வைஃபையைப் பங்கு போடுவதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால், ரூட்டருக்கு அது தெரியாது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்த எல்லோரும் அதற்கு ஒரே வீட்டார்தான். பாஸ்வேர்டு தொல்லை பொறுக்காமல் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்'கை ஆஃப் செய்து, ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்று பகிர்ந்துவிட்டால், அந்த 'எல்லோர்' என்பதில் மேல் வீடும் எதிர் வீடும் அடக்கம். அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் போனும் அடக்கம். ஃபோல்டரில் இருப்பது என்ன? ஆதார், வங்கிப் பாஸ்புக், அக்காவின் போட்டோக்கள். பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பல வீடுகளில் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்பது வாங்கியவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

வைஃபையை நிறுத்த வேண்டாம். இப்போது வரும் ரூட்டர்களில் பெரும்பாலும் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கிறது. அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு கொடுங்கள். அதில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டர்கள் தெரியாது. பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, "இனிமே இந்தப் பேர்ல கனெக்ட் பண்ணுங்க அண்ணி, இதான் புது பாஸ்வேர்டு" என்றால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. அப்படியே ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பெட்டிக்குக் கீழே அச்சடித்து வந்ததே பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சில சமயம் இதற்கு நேர்மாறான தொந்தரவும் வரும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு லேப்டாப் இன்னொன்றைப் பார்க்காது. இரண்டில் ஒன்று தவறுதலாக கெஸ்ட் பெயரில் இணைந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சுவரும் உப்பும்

அடுக்குமாடியில் வைஃபை தடுமாற இன்னொரு காரணம் கூட்டம். பழைய லேப்டாப்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே மாடியில் பத்து ரூட்டர் இருந்தால் மூன்று பாதையில் பத்து வண்டி. புது லேப்டாப்பையும் போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் பழையதற்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ரூட்டர் 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருந்தாலும் அம்மா லேப்டாப் உள்ளே நுழைய முடியாது. 'டபிள்யூபிஏ2'-வையும் அனுமதிக்க வேண்டும்.

நிறைய போட்டோ, வீடியோ இருந்தால் லேன் வயர்தான் நல்லது. பழைய லேப்டாப்பின் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றாலும்கூட 1 ஜிபி போக ஒன்றரை நிமிடம் போதும். ஆனால், கடலோர வீட்டில் எதைச் சொருகும் முன்பும் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக அரித்துவிடும். ஜன்னல் ஓரம் வைத்த ரூட்டருக்கும் அதே கதிதான். பயன்படுத்தாத லேப்டாப்பை மூடி வைத்த டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் சில வருடங்கள் கூடுதலாக வரும். பேட்டரி உப்பி மூடி தூக்கியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் எடுத்துவிட்டு நேரடியாக சார்ஜரில் ஓட்டலாம்.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. கடலோரக் குப்பங்களில் ரேஷன் கார்டிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை தண்ணீரோடு போயின. நகல் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் ஏராளம். இன்று அந்தக் காகிதமெல்லாம் ஸ்கேனாக, போட்டோவாக ஏதாவது ஒரு கருவியில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு கருவியில். அப்பாவின் படகுப் பதிவுக் காகிதமும் மீனவர் அடையாள அட்டையும் அவர் போனில் மட்டுமே இருந்தால், அந்தப் போன் தினமும் கடலுக்குப் போய் வருகிறது.

'வீடு' ஃபோல்டர் தயாரானதும் முதலில் காப்பி செய்ய வேண்டியது அந்தப் போனில் இருப்பவற்றைத்தான். அடுத்து அக்காவின் லேப்டாப். எல்லாம் புது லேப்டாப்பில் சேர்ந்ததும் அதிலிருந்து ஒரு பென்டிரைவுக்கு இன்னொரு காப்பி. பென்டிரைவை 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மெட் செய்தால் விண்டோஸ், மேக், புது லினக்ஸ் மூன்றும் படிக்கும், எழுதும். அதை லூப் ரோடு வீட்டில் வைக்காமல், மந்தைவெளியிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் சித்தி வீட்டு பீரோவில் கொடுத்து வைக்கலாம். வேலை முடிந்த அன்றே ஃபோல்டரின் ஷேரிங்கை நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை தேவைப்படும்போது திறக்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.